பகலை மட்டும் வைத்துக்கொண்ட அரசன்

அக்கெனாத்தெனைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பல வருடங்களாகக் கோபம் வந்துகொண்டிருந்தது. கல்லூரி நாட்களில் நூலகத்தில் அவனைப் பற்றி முதன்முதலாகப் படித்ததிலிருந்து அவன் என் ஆள். கி.மு. 1350-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்த எகிப்திய அரசன். பழைய தெய்வங்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, வானத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சூரிய வட்டு ஒன்றே கடவுள் என்றான். அந்தக் கடவுளுக்குப் பெயர் ஆத்தென். நான்காம் அமென்ஹோதெப் என்ற தன் பெயரையே அதற்காக மாற்றிக்கொண்டான். நைல் கரையில், அதுவரை யாரும் கோயில் கட்டாத ஒரு வெட்டவெளியில் புதுத் தலைநகரம் எழுப்பினான். இன்றைக்கு அமர்னா என்கிறோமே, அந்த இடம். இருட்டுக் கருவறைக்குள் பூட்டி வைத்த சிலை வேண்டாம். கூரையில்லாத முற்றத்தில், வெயிலுக்கு நேராகப் படையல் வைத்தால் போதும். இதைவிட நேர்மையான வழிபாடு உண்டா என்று நண்பர்களிடம் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன்.

எகிப்தின் சூரியக் கடவுள் என்றாலே எனக்கு அவன் காட்டிய அந்த வட்டுதான். கோடு கோடாகக் கதிர்கள் இறங்கும். ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சின்னக் கை. அந்தக் கைகளில் சில, அரசன் மூக்கருகிலும் அரசி மூக்கருகிலும் உயிரின் குறியை நீட்டிக்கொண்டிருக்கும். மற்றபடி ரா என்ற பழைய சூரியன், அவருடைய பருந்துத் தலை, செம்மறிக்கடாத் தலை, சாண வண்டு, படகுப் பயணம், பாம்புச் சண்டை இதெல்லாம் பூசாரிகள் சேர்த்துக்கொண்டே போன கதை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு கடவுளுக்கு எதற்கு இத்தனை உருவம், இத்தனை சிரமம் என்று தோன்றும். இந்த எண்ணம் எகிப்தின் லக்சர் நகரில் ஒரு கல்லறைக்குள் அரை மணி நேரத்தில் ஆட்டம் கண்டது. முழுவதும் விழுவதற்கு மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் இது என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலைப் பிளவில் ஒரு கல்லறை

எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் பெரும்பாலானவர்கள் வண்ணம் கொழிக்கிற கல்லறைகளைத் தேடிப் போவார்கள். மூன்றாம் துத்மோஸின் கல்லறை பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், பாறைப் பிளவுக்குள் உயரத்தில் இருக்கிறது. முதலில் இரும்புப் படிகளில் மேலே ஏற வேண்டும். அப்புறம் அவ்வளவும் திரும்பப் பாறைக்குள் இறங்க வேண்டும். இந்தத் துத்மோஸ் அக்கெனாத்தெனுக்கு எள்ளுத்தாத்தா முறை. கி.மு. 1425 வாக்கில் இறந்தவன். கல்லறைக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல அனுமதியில்லை. எங்கள் வழிகாட்டி வாசலிலேயே ஒரு படத்தைக் காட்டி, “பன்னிரண்டு மணி நேரம், பன்னிரண்டு கட்டம், எண்ணிக்கொண்டே பாருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். உள்ளே அனல். கீழே உட்கார்ந்திருந்த வயதான காவலர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, விசிறிக்கொள்ள ஒரு அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஏதோ பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைசிவரை நின்றேன்.

சவப்பெட்டி இருக்கிற அறைக்கு மூலைகளே இல்லை. அரசன் பெயரைச் சுற்றிப் போடும் நீள்வட்டக் கட்டத்தின் வடிவில் அறையையே வெட்டியிருக்கிறார்கள். கூரை நீலம், அதில் நட்சத்திரங்கள். சுவர் முழுக்க, பழைய பப்பைரஸ் நாணல் தாள் சுருள் ஒன்றை விரித்து ஒட்டியது போல வெளிர் மஞ்சள் நிறம். அதன்மேல் கறுப்பிலும் சிவப்பிலும் குச்சி குச்சியாக உருவங்கள். மற்றக் கல்லறைகளில் பார்க்கிற செழிப்பான ஓவியம் எதுவும் இல்லை. யாரோ அவசரமாகக் குறிப்பெடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. அம்துவாத் என்று பெயர். ‘பாதாளத்தில் இருப்பது’ என்று பொருள். மேற்கே மறைந்த சூரியன் மறுநாள் கிழக்கே வருவதற்குள் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பதை மணிவாரியாகச் சொல்கிற நூல். முழுமையாக நமக்குக் கிடைத்த மிகப் பழைய பிரதிகளில் இந்தச் சுவர் ஒன்று.

எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு மணியும் ஒரு பெண் தெய்வம். முதல் மணிக்குப் பெயர், ராவின் பகைவர்களுடைய நெற்றியை நொறுக்குகிறவள். பன்னிரண்டாவது மணிக்கு, ராவின் அழகைக் காண்கிறவள். படகில் நிற்கும் சூரியனுக்குச் செம்மறிக்கடாத் தலை. வழிகாட்டி வாசலில் சொன்ன ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது: அந்த உருவத்துக்கு மேலே ரா என்று எழுதியிருக்காது, ‘இயுஃப்’ என்று எழுதியிருக்கும் என்றார். அப்படியென்றால் தசை. நல்ல தமிழில் சொன்னால் ஊன். உலகுக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற கடவுளை, இரவுக்குள் நுழைந்ததும் வெறும் ஊன் என்று அழைக்கிறார்கள். நம்மைப் போலச் சோர்ந்துபோகிற, அழுகிப்போகக்கூடிய ஒரு உடம்பு.

நான் ரொம்ப நேரம் நின்றது நான்காவது மணிக்கு முன்னால். அதுவரை தண்ணீரில் வந்த படகு அங்கே மணலில் மாட்டிக்கொள்கிறது. சோக்கர் என்ற தெய்வத்தின் நிலம் அது. ஆறு கிடையாது, ஒரே மணல், எங்கே பார்த்தாலும் பாம்பு. மேலிருந்து கீழாக ஒரு சரிவுப்பாதை கோணல்மாணலாக அந்தக் கட்டத்தையே வெட்டிக்கொண்டு இறங்குகிறது, இடையிடையே கதவுகள். மணலில் ஓட்ட முடியாததால் படகே பாம்பாக மாறிவிடுகிறது. அதன் வாயிலிருந்து வரும் நெருப்புதான் வழிக்கு விளக்கு. நான்கு பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள். இருட்டு எவ்வளவு என்றால், அங்கே இருக்கிறவர்களைச் சூரியனாலேயே பார்க்க முடியவில்லை. அவருடைய குரல் மட்டும் அவர்களுக்குக் கேட்கிறது. சூரியனுக்கே கண் தெரியாத ஒரு இருட்டை யோசித்துப் பார்த்த மனிதனை நினைத்து, அந்த அனலிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஆள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பான்?

“மணி என்னடா?”

அந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு இழுப்பு. என் சின்ன வயதில், மழைக்காலம் வந்துவிட்டால் ராத்திரி படுக்கவே முடியாது. சுவரில் இரண்டு தலையணையை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கும். பேச முடியாது. நான் விழித்துப் பார்த்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “மணி என்னடா?” ஒன்றரை என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். மறுபடி யுகம் யுகமாகப் போன பிறகு கேட்பாள்; மணி இரண்டாகியிருக்காது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் ரொம்ப மோசம். பால்காரரின் மணி கேட்டுவிட்டால் போதும், இன்றைக்குத் தப்பித்தோம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். நன்றாகத் தூங்குகிறவனுக்கு இரவு என்பது ஒரே துண்டு. உடம்பு முடியாதவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான் அது மணி மணியாகப் பிரியும்.

இரவைப் பன்னிரண்டாகப் பிரித்தவர்கள் எகிப்தியர்களே. வரிசையாக எழும் நட்சத்திரக் கூட்டங்களைப் பார்த்து நேரம் கணித்தார்கள். கோடையில் அந்த மணி குட்டையாக இருக்கும், குளிர்காலத்தில் நீளும். ஆனால் எண்ணிக்கை பன்னிரண்டேதான். பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என்ற நம்முடைய கணக்கின் வேர் அங்கேதான் போய் நிற்கிறது. எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தில் அம்மாவுக்காக நான் பார்த்துச் சொன்ன எண்களும் இந்தச் சுவரும் ஒரே குடும்பம் என்பது அந்த அறைக்குள் நிற்கும்போது தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது மணி, நடு இரவு. அங்கே சூரியன் தன்னுடைய பிணத்தையே சந்திக்கிறார். பல தலைப் பாம்பொன்று அந்த உடலைச் சுற்றி வளைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த உடல் இறந்தவர்களின் அரசனான ஒசிரிஸும்தான். இறந்துபோன கடவுளும் இறந்துகொண்டிருக்கும் கடவுளும் அங்கே ஒன்றாகிறார்கள். அதிலிருந்துதான் மறுபடி உயிர் பிடிக்கிறது. நெஃபர்த்தாரி அரசியின் கல்லறையில் இதையே ஒரு ஓவியமாகப் பார்க்கலாம்: துணி சுற்றிய உடல், செம்மறிக்கடாத் தலை, தலைமேல் சிவப்பு வட்டு, இரண்டு பக்கமும் இசிஸ், நெஃப்திஸ் என்ற பெண் தெய்வங்கள் தாங்கிப் பிடித்திருப்பார்கள். ‘இது ராவில் இளைப்பாறும் ஒசிரிஸ், இது ஒசிரிஸில் இளைப்பாறும் ரா’ என்று அதன் வாசகம். ஏழாவது மணியில் அபோபிஸ் என்ற பெரும்பாம்பு வழியில் கிடந்து தண்ணீரை எல்லாம் குடித்துவிடுகிறது. இசிஸின் மந்திரத்தால்தான் படகு நகர்கிறது. பன்னிரண்டாவதில், படகோடு எல்லோரும் ஒரு பாம்பின் வால் வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியே வருகிறார்கள். நுழையும்போது கிழவர்கள், வெளியே வரும்போது குழந்தைகள். சூரியன் வண்டாகப் பறந்து போய்விடுகிறார். அந்தக் கடைசிக் கட்டத்தின் ஓரத்தில், வளைந்த சுவரில் சாய்ந்தபடி ஒரு உடல் விடப்பட்டிருக்கிறது. கழற்றிப் போட்ட சட்டை மாதிரி. அதை நான் ஒரு அடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

எச்சில் ஒழுகும் கடவுள்

ஊருக்கு வந்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த ராவின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அதில் ஒன்று, இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் பப்பைரஸ் ஒன்றில் வருகிறது. ராவுக்கு வயதாகிவிட்டது. வாய் கோணி, எச்சில் ஒழுகித் தரையில் விழுகிறது. இசிஸ் அந்த எச்சில் பட்ட மண்ணை எடுத்துப் பிசைந்து ஒரு பாம்பு செய்து, அவர் நடக்கிற பாதையில் போட்டு வைக்கிறாள். கடித்துவிடுகிறது. தாடை அடித்துக்கொள்கிறது, கைகால் நடுங்குகிறது, உடம்பெல்லாம் எரிகிறது. தானே படைத்த உலகத்தில், தான் படைக்காத ஒன்று தன்னைக் கடித்துவிட்டதே என்று அலறுகிறார். உன் உண்மையான பெயரைச் சொன்னால் விஷத்தை இறக்குகிறேன் என்கிறாள் இசிஸ். காலையில் நான் கெப்ரி, உச்சியில் ரா, மாலையில் அதூம் என்கிறார். இதில் உன் பெயர் இல்லை என்கிறாள். விஷம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்தப் பெயர் அவர் உடம்பிலிருந்து அவள் உடம்புக்குள் போகிறது; விஷம் இறங்குகிறது.

முன்பு இதைப் படித்திருந்தால், கடவுளை இப்படியா கேவலப்படுத்துவது என்று கேட்டிருப்பேன். ஆனால் இந்தக் கதையை எதற்காக எழுதி வைத்தார்கள் என்பதும் அந்தப் பப்பைரஸிலேயே இருக்கிறது. இது தேள் கடிக்கான மந்திரம். கடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எழுதிக் கழுத்தில் கட்ட வேண்டும். பீரிலோ திராட்சை மதுவிலோ கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். நடுங்கிக்கொண்டு பாயில் கிடக்கிற ஒரு கூலியாளிடம் போய், இதே மாதிரி ராவும் நடுங்கினார், இதே மாதிரி அவருக்கும் எரிந்தது, அவருக்கு இறங்கியது உனக்கும் இறங்கும் என்று சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் அக்கெனாத்தெனின் வட்டு எனக்கு முதன்முதலாகத் தூரமாகப் போனது. அதற்கு வாய் கிடையாது. எச்சிலும் கிடையாது. தேள் அதைக் கொட்டாது.

இரவை அவன் என்ன செய்தான்

அமர்னாவில் ஆய் என்ற அரசவைப் பெரியவருக்காக வெட்டிய கல்லறையில் ஆத்தெனுக்கான நீண்ட துதி இருக்கிறது. பகலைப் பாடுகிற இடங்கள் இன்றைக்கும் மனதை அள்ளுகின்றன. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சுக் கொடுக்கிறவன், தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஆற்றுகிறவன் என்றெல்லாம் வருகிறது. இந்த வரிகளுக்காகத்தான் நான் அவனைக் கொண்டாடினேன், இன்றும் அவை எனக்குப் பிடிக்கும். ஆனால் இரவு வரும் இடத்தைத் திரும்பப் படித்தேன். நீ மேற்கே மறைந்தால் பூமி செத்தது போல இருண்டுவிடுகிறது. மனிதர்கள் தலையை மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். தலைக்கு அடியில் இருப்பதைத் திருடினாலும் தெரியாது. சிங்கம் குகையை விட்டு வருகிறது, பாம்பு கடிக்கிறது. ஏனென்றால் எல்லாவற்றையும் படைத்தவன் தன் அடிவானத்தில் ஓய்ந்துவிட்டான். அவ்வளவுதான் இரவு. அப்புறம் நேராக விடிந்துவிடுகிறது. படகு இல்லை, பன்னிரண்டு பெண்கள் இல்லை, இழுப்பதற்கு நான்கு பேர் இல்லை. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தத் துதியில் ஒரு சொல்கூட இல்லை.

செத்தவர்களுக்கும் இதே கதிதான். அமர்னாக் கல்லறைகளின் சுவர்களில் பெரும்பாலும் அரசனும் அரசியும் அவர்கள் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். ஒசிரிஸின் இராச்சியம் காணாமல் போய்விட்டது. இறந்தவர்கள் இரவில் கல்லறைக்குள் உறங்கி, காலையில் வெளியே வந்து ஆத்தெனைப் பார்த்து, கோயில் படையலில் பங்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அந்தப் படையலும் அரசன் தயவு. அந்த வட்டின் கைகள் அரச குடும்பத்தின் மூக்கருகே மட்டும் உயிரை நீட்டுவதை எத்தனை முறை படத்தில் பார்த்திருப்பேன்; ஊர்க்காரன் ஒருவன் மூக்கருகே நீட்டவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அந்த ஊரின் சாதாரண வீடுகளைத் தோண்டியபோது பெஸ், தாவெரெத் உருவம் போட்ட தாயத்துகள் கிடைத்தன. தாவெரெத் பிள்ளை பெறும் பெண்ணுக்குக் காவல். பெஸ் என்கிற குள்ளத் தெய்வம் தூங்குகிறவர்களுக்குக் காவல். தலை வைக்கும் கட்டையிலும் கட்டில் காலிலும் அவரைச் செதுக்குவார்கள். பகலில் அரசனின் கடவுள் இருந்தார். இரவுக்கு அந்த மக்கள் தாங்களே ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அக்கெனாத்தென் பதினேழு வருடம் ஆண்டான். அவன் போன சில வருடங்களிலேயே பழைய தெய்வங்கள் திரும்பிவிட்டார்கள். இதற்குக் கோயில் நிலங்களின் வருமானம், அமூன் என்ற பழைய பெருந்தெய்வத்தின் பூசாரிகளுடைய கை, எல்லையில் நிலவிய குழப்பம் என்று வலுவான காரணங்கள் உண்டு. இரவு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும், பின்னால் அரசனான துட்டன்காமன் பெயரில் வந்த கல்வெட்டு ஒன்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வதை மறக்க முடியவில்லை: யாராவது ஒரு தெய்வத்திடம் வேண்டினால் அந்தத் தெய்வம் வரவே இல்லை என்கிறது. வென்றவர்கள் எழுதியது, மிகைப்படுத்தியிருப்பார்கள், சரி. ஆனால் ‘வரவே இல்லை’ என்ற குறையை அவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

துட்டன்காமனை அக்கெனாத்தெனின் மகன் என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். அந்தப் பையன் கிடக்கும் அறையின் மேற்குச் சுவரில் என்ன வரைந்திருக்கிறது தெரியுமா? கட்டம் கட்டமாகப் பன்னிரண்டு பபூன் குரங்குகள், மேலே படகில் வண்டாகச் சூரியன். அம்துவாத்தின் முதல் மணி. அவன் உடலை மூடியிருந்த பொன் தகட்டு மாடங்களில் ஆக வெளியே இருந்ததில், கிழவனாகிவிட்ட ராவின் இன்னொரு கதை செதுக்கியிருக்கிறது: எலும்பு வெள்ளியாகி, தசை பொன்னாகி, தலைமுடி நீலக்கல்லாகிப்போன கடவுள். தகப்பன் துரத்திய இரவும் முதுமையும் பிள்ளையின் பெட்டியைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டன.

இதையும் தாண்டி ஒன்று. அந்தத் துதி எழுதிய கல்லறைக்கு உரிய ஆய், துட்டன்காமனுக்குப் பிறகு தானே அரசனாகிச் சில வருடம் ஆண்டார். அமர்னாக் கல்லறையில் அவரைப் புதைக்கவில்லை. அரசர்களின் பள்ளத்தாக்கை ஒட்டிய மேற்குப் பள்ளத்தாக்கில் அவருக்கு வேறு கல்லறை. அங்கே சுவரில் அதே பன்னிரண்டு குரங்குகள். அந்த இடத்துக்கு அரபியில் குரங்குப் பள்ளத்தாக்கு என்றே பெயர் வந்துவிட்டது. ‘நீ மறைந்தால் பூமி செத்தது போல’ என்று தன் சுவரில் எழுதி வைத்த அதே மனிதர், வயதாகி, சாவு பக்கத்தில் வந்தபோது, இரவின் முதல் மணியை வரையச் சொல்லியிருக்கிறார். அல்லது அவருக்காக யாரோ வரைந்திருக்கிறார்கள். அந்தக் குரங்குகளின் படத்தைப் பார்த்த அன்றுதான் அக்கெனாத்தெனுக்காக வாதாடுவதை நான் நிறுத்தினேன். அவன்மேல் கோபம் இல்லை. அவனுக்கு இரவில் யாரும் மணி கேட்டிருக்க மாட்டார்களோ என்று வருத்தம்தான்.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு மறுபடி இழுப்பு அதிகமானது. இப்போது நெபுலைசர் இருக்கிறது, முன்னைப் போல அவ்வளவு தவிப்பு இல்லை. ஆனாலும் படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் இந்தக் கதையை மணிவாரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் மூன்று மணியைப் பேசாமல் கேட்டாள். நான்காவதில் ஆறு வற்றிப்போய் மணல் வந்ததும், “வெளிச்சமும் இல்ல, தண்ணியும் இல்லன்னா எப்படிடா போவாரு?” என்றாள்.

“நாலு பேர் கயிறு கட்டி இழுப்பாங்கம்மா.”

“அதான பாத்தேன். நாலு பேர் வேணும்ல.”

ஆறாவது மணி வரை கேட்டாள். அபோபிஸ் வருவதற்குள் தலையணையில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால்.